குந்துற வேலை

அந்தக் கொட்டகையில் எல்லோரும் நின்றுகொண்டுதான் வேலை செய்தோம். ஒரே ஒருத்திக்கு மட்டும் நாற்காலி உண்டு. நாற்காலி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பிரம்பு அறுந்த இடத்தில் சாக்கை மடித்துப் போட்ட பழைய நாற்காலி. அதற்கு முன்னால் ஒரு மேஜை, மேஜைமேல் கறுப்புத் துணி, அதற்கு மேலே ஒரு டியூப் லைட். பாபினில் சுற்றிய நூலைக் கொஞ்சம் உருவி அந்தத் துணியில் படுக்கவைத்துப் பார்க்க வேண்டும். இழை பிசிறு அடித்திருந்தால் கறுப்பில் வெள்ளையாகத் தெரியும். நல்லது ஒரு கூடைக்கு, பிசிறு அடித்தது இன்னொரு கூடைக்கு. முதலாளி அதைச் செக்கிங் என்பார். சுற்றுவட்டாரத்துப் பெண்கள் அதைக் 'குந்துற வேலை' என்றார்கள். நான் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் ஊரில் குந்து என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த நாற்காலியைத் தவிர எனக்கு வேறு ஆசை இருந்ததாக ஞாபகம் இல்லை.

கொட்டகை, நிலக்கரிச் சுரங்கத்து டவுன்ஷிப்பைத் தாண்டி வடலூர் போகிற ரோட்டோரம் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இரண்டு ஜன்னல். காற்று திரும்பினால் பழுப்புக் கரித்தூள் வந்து எல்லாவற்றின் மேலும் உட்காரும். நினைத்த நேரத்தில் உட்கார அங்கே அது ஒன்றுக்குத்தான் அனுமதி. என் வீட்டுக்காரர் மைன்ஸில் பெர்மனென்ட். குவார்ட்டர்ஸ், தண்ணீர், கரண்ட் எதற்கும் குறைவில்லை. ஆனால் ஊரில் இரண்டு பக்கமும் எங்களை எதிர்பார்த்தவர்கள் இருந்ததால் நானும் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று.

கரி வெட்டுகிற இயந்திரத்துக்கும் கரியைத் தூக்கிப் போகிற பெல்ட்டுக்கும் மோட்டார்தான் உயிர். மோட்டார் சூடேறினால் உள்ளேயிருக்கிற செம்புக் கம்பியின் உறை கருகிவிடும். கருகாமலிருக்கக் கம்பிமேல் கண்ணாடி நூலைச் சுற்றுவார்கள். கண்ணாடியில் நூலா என்று நானும் முதலில் வாயைப் பிளந்தேன். பட்டு மாதிரி மினுங்கும், தலைமுடியைவிட மெல்லிசாக இருக்கும். கம்பியில் சுற்றுவது வெளியூர்க் கம்பெனி ஒன்று. அவர்களுக்கு நூலை ஆயத்தம் செய்து கொடுப்பது எங்கள் வேலை. பெரிய ஸ்பூல்களிலிருந்து ஐந்து இழைகளைப் அருகருகே சேர்த்து, நாடா போலச் சின்ன பாபினில் சுற்றிக் கொடுக்க வேண்டும்.

இழுக்கிற வேலையை மெஷின் பார்த்துக்கொள்ளும். பிடித்துக்கொள்கிற வேலைதான் எங்களுக்கு. ஒவ்வொரு ஸ்பூலின் அச்சிலும் ஒரு சின்ன இரும்புச் சக்கரம் இருக்கும். சக்கரத்தின் மேல் ஒரு தோல்வார், வாரின் நுனியில் கொக்கி, கொக்கியில் இரும்பு வாஷர்கள். வாஷரின் கனத்தில் வார் சக்கரத்தை அழுத்தும். ஸ்பூல் தன்போக்கில் ஓடாமல் தயங்கித் தயங்கி நூலை விடும். பிடி தளர்ந்தால் இழை தொங்கி வளையம் போடும், இறுகினால் அறுந்துவிடும். பருத்தி நூல் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். கண்ணாடி நூலுக்கு அந்தத் தாட்சண்யமெல்லாம் கிடையாது. பொறுக்கிற வரை பொறுக்கும், அப்புறம் பட்டென்று போய்விடும். அந்தக் குணம் எனக்குப் பிடித்திருந்தது.

நிறைந்த ஸ்பூல் ஐந்தாறு வாஷரைத் தாங்கும். நூல் தீரத் தீர ஸ்பூல் இளைக்கும். இளைத்த ஸ்பூலை அதே பிடியில் சுழற்ற வேண்டுமென்றால் நூலின் மேல் இழுப்பு கூடிவிடும். அதனால் வாஷரை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வர வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். இளைத்த ஸ்பூல் வேகமாகச் சுற்றுவதைப் பார்த்து, ஐயோ ஓடுகிறதே என்று இன்னொரு வாஷரை மாட்டுவார்கள். உடனே அறுந்துவிடும். ஐந்து ஸ்பூலும் ஒன்றுபோல இளைத்தாலாவது பரவாயில்லை. ஒன்று நிறைந்திருக்கும், ஒன்று பாதியாக இருக்கும், ஒன்று தீரப்போகும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் சோறூட்டுகிறவள் மாதிரி, காலையிலிருந்து சாயந்திரம் வரை ஒன்றை மாற்றி ஒன்றின்மேல் கண்ணை வைத்துக்கொண்டே நிற்க வேண்டும்.

நிற்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அரிப்புத்தான் ஆளைத் தின்றது. உடைந்த இழையின் துணுக்கு கண்ணுக்குத் தெரியாது. மணிக்கட்டில், முழங்கை மடிப்பில், கழுத்தில் ஏறிவிடும். சொறிந்தால் இன்னும் உள்ளே போகும். வெந்நீர் ஆகாது, பச்சைத் தண்ணீரைத் தேய்க்காமல் ஊற்றிக்கொள்ள வேண்டும். சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக் கழுத்துவரை பொத்தான் மாட்டிக்கொள்வோம், சித்திரை வெயிலானாலும். அந்தச் சட்டையைத் தனி வாளியில்தான் துவைக்க வேண்டும். ஒருமுறை அது மற்றத் துணிகளோடு சேர்ந்து ஊறிவிட்டது. வீட்டுக்காரர் ஷிப்டு முழுக்க நெளிந்துவிட்டு வந்து, என் கம்பெனியை எதற்கு அவர் பனியனில் வைத்து அனுப்புகிறேன் என்று கேட்டார்.

மகளுக்கு அப்போது மூன்று வயது. நான் வாசலில் நுழைந்ததும் ஓடிவருவாள். குளிக்காமல் அவளைத் தூக்க முடியாது. சில நாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் தூங்கிப்போயிருப்பாள். வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது வருஷம் என் விரல்களிலும் மணிக்கட்டிலும் தோல் தடித்து வெடித்துவிட்டது. புளி கரைத்தால் உயிர் போய்த் திரும்பி வரும். எனக்குச் சலித்துவிட்டது. அழுகை கூட வரவில்லை, சலிப்புத்தான்.

அந்தச் சமயத்தில்தான் செக்கிங் பார்த்த மேஜைக்காரி கர்ப்பமானாள். தை மாதம் வளைகாப்பு, அதோடு தாய்வீடு, திரும்பி வரமாட்டாள் என்று தெரிந்தது. நான் அன்றைக்கே முதலாளியிடம் போய் நின்று கையைக் காட்டினேன். அவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். எங்களையெல்லாம் அம்மிணி என்றுதான் கூப்பிடுவார்; கோபத்திலும் மரியாதை குறையாது. என் கையைச் சரியாகப் பார்க்காமலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "புதுசா ஒரு அம்மிணி வர்றாங்க. உங்க பக்கத்து மெஷின்ல அவிங்களப் பழக்கி விடுங்க. கம்ப்ளெயிண்ட் இல்லாம ஓட்டிட்டாங்கன்னா, தைப்பூசம் கழிச்சு மேஜை உங்களுக்குத்தானுங்க" என்றார். அன்று வீட்டுக்குப் போகும்போது கை அரித்ததா இல்லையா என்று கூட நான் கவனிக்கவில்லை.

புதியவள் முத்தாண்டிக்குப்பத்துக்காரி. என் வயதுதான் இருக்கும், ஆனாலும் என்னை யக்கா என்றாள். அதுவரை கழனியிலும் முந்திரித் தோப்பிலும் கூலிக்குப் போனவள். வீட்டுக்காரரின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். முன்பக்கம் முழுக்க முந்திரிப் பால் பட்ட கறுப்புக் கறை. வாஷரைக் கூட்டுகிற பழக்கம் அவளுக்குச் சீக்கிரமே விட்டுப்போயிற்று. ஸ்பூல் இளைப்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லுமளவுக்கு வந்துவிட்டாள். எனக்கு ஏக சந்தோஷம். அவளை நினைத்து அல்ல, நாற்காலியை நினைத்து. சாயந்திர பஸ்ஸை விட்டால் அவள் ஊருக்கு அடுத்த பஸ் இருட்டினபிறகுதான் என்பதால் எங்களுக்குக் கொஞ்சம் முன்னதாகவே மெஷினை நிறுத்திவிட்டுக் கிளம்பிவிடுவாள். முதலாளி அதற்கு ஒத்துக்கொண்டிருந்தார்.

ஆயுத பூஜை வந்தது. கொட்டகையைக் கழுவி, மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை கொடுத்தார்கள். அந்த வருஷம் முதலாளிக்கு வீட்டில் ஏதோ மனக்கஷ்டம். பூஜையோடு விடாமல், இனி வெள்ளிக்கிழமைதோறும் சாயந்திரம் மெஷின்களுக்குப் பொட்டு வைத்துச் சூடம் காட்டுவதாக வேண்டிக்கொண்டார். பொட்டை மரச்சட்டத்தில் வைப்பதில் அவருக்குத் திருப்தி இல்லை. சுற்றுவதுதான் சாமி என்பது அவர் கட்சி. ஆகவே ஒவ்வொரு ஸ்பூலின் சக்கரத்திலும், வாருக்குக் கீழே வெளியில் தெரிகிற விளிம்பில், குழைத்த சந்தனத்தைக் கட்டைவிரலால் அழுத்தி வைத்து மேலே குங்குமம் தொடுவார். வைத்த பொட்டை யாரும் துடைக்க மாட்டோம். அது தானாகத்தான் போக வேண்டும். இதையெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. சனிக்கிழமை காலை மெஷினைப் போட்டதும் ஒரே சுற்றில் பொட்டு காணாமல் போகும். சாமி எடுத்துக்கொண்டது என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

ஐப்பசி மழை பிடித்தபோது தொல்லையும் பிடித்தது. புதியவளின் மெஷினில் இழை அறுந்தது. அறுகிற இடத்தில் முடிச்சுப் போட்டு ஓட்டினால் அடுத்த ஸ்பூலில் அறுந்தது. அறாத இடத்திலும் பிசிறு. தோல்வார் ஈரம் குடித்துவிட்டது, மழை விட்டால் சரியாகும் என்றார்கள். மழை விட்ட வாரமும் அறுந்தது. அதிலும் ஒரு விசித்திரம், சனிக்கிழமைதான் மோசம். திங்கள், செவ்வாயில் கொஞ்சம் தேறும். புதன்கிழமைக்குமேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. மறுபடி சனிக்கிழமை அதே கதை. மற்ற மெஷின்களில் ஓடியது தடித்த நூல். அது எதையும் தாங்கும். மெல்லிசு நூல் என் மெஷினிலும் அவள் மெஷினிலும் மட்டும்தான். என் மெஷின் ஒழுங்காக ஓடியது. அதனால் பழி முழுக்க அவள் தலையில் விழுந்தது.

வெளியூர்க் கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி பாபின் திரும்பி வந்தது. கைராசி இல்லாதவள் என்றாள் ஒருத்தி. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக விளக்கேற்றுகிற நேரத்தில் மெஷினைப் பாதியில் போட்டுவிட்டு ஓடுகிறாள், அதுதான் என்றாள் இன்னொருத்தி. கண் நூலில் இல்லை, பஸ்ஸில் இருக்கிறது என்று முதலாளி என்னிடம் சொன்னார். இப்படியே போனால் அவளை நிறுத்திவிட்டு வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான் என்றார். வேறு ஆள் என்றால் மறுபடி முதலிலிருந்து. தைப்பூசம் வந்து போய்விடும், மேஜைக்கு வேறு யாராவது போய்விடுவார்கள். எரிச்சல் பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு சனிக்கிழமை முழுக்க என் மெஷினை விட்டுவிட்டு அவள் பின்னாலேயே நின்று பார்த்தேன். வாஷர் சரியாக இருந்தது, கை சரியாக இருந்தது, நேரமும் சரியாக இருந்தது. ஆனாலும் அறுந்தது.

"நீ சொன்ன மாதிரிதான்க்கா பண்ணிகினு இருக்கேன்" என்றாள் அவள். "எங்க வூட்ல கூட சனிக்கிழமைன்னாலே பயந்துகினு இருக்காங்க." சொல்லிவிட்டு அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போட ஆரம்பித்தாள்.

கார்த்திகை பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், மகளுக்குக் காய்ச்சல் என்று பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்தது. ஸ்பூல்கள் பாதியில் இருக்கும்போதே மெஷினை நிறுத்திவிட்டு ஓடினேன். அந்த ஐந்து வருஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கூட நான் அப்படிச் செய்ததே இல்லை. ஸ்பூலைத் தீர்த்துவிட்டுக் கடைசி ஆளாகத்தான் போவேன். மறுநாள் காய்ச்சல் இறங்கியிருந்தது. வந்து மெஷினைப் போட்டேன். ஐந்து சக்கரத்திலும் பொட்டு. ஒரு சுற்று, பொட்டு போயிற்று. அடுத்த நிமிஷம் முதல் இழை அறுந்தது. முடிச்சுப் போட்டு நிமிர்வதற்குள் மூன்றாவது இழையும் போயிற்று.

மெஷினை நிறுத்தினேன். ஸ்பூலைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் சக்கரம் சொரசொரவென்று பிடித்து விட்டது. அந்த இடத்தில்தான் நூலுக்கு வெடுக்கென்று ஒரு இழுப்பு. வாரைக் கழற்றி உட்பக்கத்தைத் தடவினேன். மெத்தென்று இருக்க வேண்டிய தோல் ஓட்டாஞ்சில்லு மாதிரி இறுகிக் கிடந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். சந்தன வாசனை அடித்தது.

எனக்கு எல்லாம் ஒரே மூச்சில் விளங்கிவிட்டது. ஓடுகிற சக்கரத்தில் பொட்டு வைக்க முடியாது. வெள்ளிக்கிழமை முதலாளி சூடத் தட்டோடு வரும்போது என் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் எனக்கு மட்டும் மரச்சட்டத்தில் பொட்டு. பஸ்ஸுக்குப் போகிறவளின் மெஷின் நின்றிருக்கும். அவள் சக்கரங்களுக்குச் சந்தனம். அது இரவெல்லாம் காய்ந்து இறுகி, காலையில் வாருக்கு அடியில் அரைபட்டு, தோலில் ஏறிக்கொண்டது. ஓடி ஓடித் தேய்ந்து புதன்கிழமை வாக்கில் தோல் தெளியும்; வெள்ளிக்கிழமை மறுபடி பொட்டு. சாமி எடுத்துக்கொண்ட பொட்டு வாரில்தான் இருந்தது. அத்தனை பேரும் வாரம் தவறாமல் அதைப் பார்த்தோம். பொட்டைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் மேஜைக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். சாமி காரியம், நேர்ந்துகொண்டு செய்கிறார், வேறு ஏதாவது காரணம் சொல்லி வாரை மட்டும் மாற்றச் சொல் என்றாள். நல்ல யோசனைதான். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை புது வாரிலும் சந்தனம் ஏறும். எனக்குச் சுற்றிவளைத்துப் பேசத் தெம்பு இல்லை. தோல்வாரைக் கையில் எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன்.

"உங்க பொட்டுதான் நூல அறுக்கு. அவ மேல தப்பு இல்ல. நான் உள்ளதச் சொல்லுதேன்" என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் வாரை வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து எல்லா மெஷினுக்கும் மரச்சட்டத்தில்தான் பொட்டு. வார்களை மாற்றினோம். அடுத்து வந்த சனிக்கிழமை சாயந்திரம் வரை புதியவள் ஒரு முடிச்சுக் கூடப் போடவில்லை. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என் மெஷினடியில் சிதறிக் கிடந்த வாஷர்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டுவிட்டுப் போனாள்.

மார்கழியில் ஒரு பெட்டி கூடத் திரும்பி வரவில்லை. தை பிறந்தது. மேஜைக்காரி வளைகாப்பு வளையல்கள் குலுங்க வந்து எங்களிடம் சொல்லிக்கொண்டு போனாள். தைப்பூசத்துக்கு வடலூர் ரோடு முழுக்க ஜனம், கொட்டகைக்கும் லீவு. அன்று சாயந்திரம் என் வேலைச் சட்டையைத் தனி வாளியில் கடைசியாகத் துவைத்தேன். உலர்ந்ததும் மடித்து, அடுப்படியில் பிடிதுணிக்கு ஆகும் என்று ஓரமாக வைத்தேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, அப்பாடா, என் பனியன் பிழைத்தது என்றார். கூட்டம் வடிந்து கொட்டகை திறந்த நாள், வெறும் சேலையோடு வேலைக்குப் போனேன். ஐந்து வருஷத்துக்குப் பிறகு ரோட்டில் காற்று கையில் பட்டது.

முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே வரச்சொல்லிவிட்டு, மேஜைப் பக்கம் நடந்தார். நானும் பின்னால் போனேன். நாற்காலியில் புதியவள் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்று கூடச் சொல்ல முடியாது, விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி தப்பா நெனைக்கக் கூடாதுங்க. வாரு கோளாற மோந்து பாத்துக் கண்டுபுடிக்கிற ஆளு இங்க வேற யாரு இருக்கறாங்க? இனி எல்லா மெஷின் புடியும் உங்க பொறுப்புங்க" என்றார் முதலாளி. நான் வாயைத் திறப்பதற்குள், "அப்பறம், செக்கிங்குக்குக் கை வழுவழுன்னு இருக்கோணுங்க. உங்க கை வெடிச்சிருக்குது. நூலு மாட்டும், நல்ல பாபின்லயும் பிசிறு வந்துரும்" என்றார். இந்தத் தடவை என் கையை நன்றாகவே பார்த்தார்.

சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. வெடித்த விரலில் அந்த நூல் மாட்டத்தான் செய்யும், எனக்குத் தெரியாததா? அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பொய்யாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். வாரை முகராமல் இருந்திருக்கலாமே என்று நினைத்தேன். முகராமல் இருந்திருந்தால் இவளை நிறுத்தியிருப்பார்கள், அப்போதும் கை இதே கைதான் என்றும் தோன்றியது. நான் மெஷினுக்குத் திரும்பினேன். சட்டை இல்லை. வீட்டுக்குப் போய் எடுத்து வரக் கால் எழவில்லை. அப்படியே வாஷர் டப்பாவைத் திறந்தேன்.

பின்னால் வந்து நின்றாள் புதியவள். முந்திரிக் கறை படிந்த சட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"நான் ஒண்ணும் கேக்கலக்கா. அவராத்தான் குந்தச் சொல்லிட்டாரு" என்றாள். "இதப் போட்டுக்க. எனக்கு இனிமே வேணாம்."

அவள் கையைப் பார்த்தேன். சுள்ளி ஒடித்துக் கொட்டை பொறுக்கிய கைதான். ஐந்து மாத அரிப்பு மணிக்கட்டில் சிவந்திருந்தது. இன்னும் வெடிக்கவில்லை. இன்னொரு வருஷம் நின்றால் வெடித்துவிடும். நான் சட்டையை வாங்கிக்கொண்டேன். அவள் போகாமல் நின்றாள். நான் போகச் சொன்னால்தான் போவாள் போலிருந்தது.

"போய்க் குந்து" என்றேன். "ஒருத்தியாவது குந்தட்டும்."

அவள் போனாள். சட்டை எனக்குத் தோளில் இறுக்கமாக இருந்தது. கழுத்துவரை பொத்தானைப் போட்டுக்கொண்டு, முதல் ஸ்பூலுக்கு வாஷரை மாட்டினேன்.